பேத்தியின் கண்கட்டும் அண்ணனின் கால் பெருவிரலும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் மனித மூளையின் அதிசயத் திறமைகள் என்று முழுப்பக்கக் கட்டுரை போட்டிருந்தீர்கள். 38 வருடம் தபாலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான், காலை காபியோடு உங்கள் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து டெண்டர் நோட்டீஸ் வரைக்கும் படிக்கிற ஆள். அந்தக் கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். இரண்டாவது தடவை கோபத்தில் படித்தேன்.

கோபம் எதற்கென்றால், நாம் மூளையில் பத்து சதவீதம்தான் பயன்படுத்துகிறோம், மீதித் தொண்ணூறு தூங்கிக்கொண்டிருக்கிறது என்று கட்டுரை சொல்கிறது, அதற்கு நேர் கீழே கால் பக்கத்துக்கு, தூங்கும் மூளையை எழுப்பிவிடும் பயிற்சி வகுப்பு ஒன்றின் விளம்பரம் இருக்கிறது. இது தற்செயலா, இல்லை விளம்பரத்துக்குத் தோதாகக் கட்டுரை வந்ததா என்றெல்லாம் நான் கேட்கப் போவதில்லை. (கேட்டுவிட்டேன், சரி.)

பத்து சதவீதக் கதையை முதலில் முடித்துவிடலாம், அதில் பேச அதிகம் ஒன்றுமில்லை. மூளை சுமார் 1.4 கிலோ, உடம்பு எடையில் ஐம்பதில் ஒரு பங்கு. ஆனால் உடம்பு செலவழிக்கிற சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை, நாம் மல்லாந்து படுத்து ஃபேனைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதும், அதுவே தின்றுவிடுகிறது. பத்தில் ஒன்பது பேர் வேலையே செய்யாத ஆபீசுக்கு உடம்பு இவ்வளவு சம்பளம் கொடுத்துக்கொண்டிருக்காது. (அரசு ஆபீஸ் என்றால் கொடுக்கும் என்று நீங்கள் சிரிப்பது தெரிகிறது.) அப்புறம், பக்கவாதம் வந்தவர்களைப் பாருங்கள். தொண்ணூறு சதவீதம் சும்மா கிடக்கிற இடம் என்றால் அடைப்பு பெரும்பாலும் அங்கேதான் விழுந்திருக்க வேண்டும், முக்கால்வாசிப் பேர் ஒன்றுமே நடக்காத மாதிரி எழுந்து பல் தேய்க்கப் போயிருக்க வேண்டும். அப்படியா நடக்கிறது? ஒருவருக்குப் பேச்சு போகிறது, ஒருவருக்குக் கை, இன்னொருவர் தட்டில் இடப்பக்கம் சோறு இருப்பதே தெரியாமல் வலப்பக்கத்தை மட்டும் சாப்பிட்டுவிட்டுப் போதும் என்கிறார். ஸ்கேன் எடுத்தாலும் அதே கதைதான், ஒரு நாள் பொழுதில் வேலை செய்யாத மூலை என்று ஒன்றைக் காட்ட முடியவில்லை.

என் மகனும் இதே மாதிரி ஒரு விளம்பரம் பார்த்துத்தான் மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தியை மே மாத லீவில் ஒரு வகுப்பில் சேர்த்தான். ‘மிட் பிரெயின் ஆக்டிவேஷன்’, அதாவது நடுமூளையை எழுப்பிவிடுவதாம். இரண்டு ஞாயிற்றுக்கிழமை, 18,000 ரூபாய், ரசீது கிடையாது. கடைசி நாள் எங்களையெல்லாம் கூப்பிட்டு ஒரு கல்யாண மண்டபத்தில் மேடை போட்டுக் காட்டினார்கள். கறுப்புத் துணியால் கண்ணைக் கட்டிய குழந்தைகள் கலர் பென்சிலைத் தடவி நிறம் சொன்னார்கள், ரூபாய் நோட்டை முகர்ந்து பார்த்து நம்பர் படித்தார்கள். என் மருமகள் கண்ணில் தண்ணீர். எனக்கு மட்டும் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. எல்லாப் பிள்ளைகளும் நோட்டை மூக்குக்குக் கீழே, நெஞ்சுக்கு முன்னால்தான் பிடித்தார்கள், எல்லாத் தலையும் லேசாக மேல்நோக்கி இருந்தது. ஒரு பிள்ளையாவது நோட்டைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்கவில்லை.

அன்று சாயங்காலம் பாப்பாவைத் திண்ணையில் உட்காரவைத்து அதே துணியைக் கட்டினேன். உங்கள் பேப்பரையே கொடுத்தேன். மடியில் வைத்துக்கொண்டு தலைப்புச் செய்தியைக் கடகடவென்று படித்துவிட்டாள். பேப்பரை வாங்கி அவள் நெற்றிக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். சத்தத்தைக் காணோம். விரலால் தடவினாள், முகர்ந்தாள், “தாத்தா, கை வலிக்கலையா, கொஞ்சம் கீழ இறக்குங்களேன்” என்றாள். அப்புறம் துணிக்கும் மூக்குக்கும் நடுவில் இரண்டு பக்கமும் பஞ்சை வைத்து அடைத்தேன், பேப்பரைத் திரும்ப மடியில் வைத்தேன். இப்போது அதுவும் வரவில்லை. அழ ஆரம்பித்துவிட்டாள். துணியை அவிழ்த்ததும் என் காதோரம் வந்து சொன்னாள்: “மூக்குப் பக்கத்துல கொஞ்சம் தெரியும் தாத்தா. எல்லாருக்கும் தெரியும். மிஸ் யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னாங்க.”

பணம் போனதைக்கூட விடுங்கள், எட்டு வயசுப் பிள்ளை இரண்டு வாரம் இதை வயிற்றில் வைத்துக்கொண்டு தவித்திருக்கிறாளே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

அந்த நடுமூளை என்னதான் செய்கிறது என்று அப்புறம் தேடிப் படித்தேன். விழியை அசைப்பது, வெளிச்சம் பட்டால் கண்பாவையைச் சுருக்குவது, பின்னால் பட்டாசு வெடித்தால் சட்டென்று தலையைத் திருப்பவைப்பது, இதெல்லாம் அதன் வேலை. அங்கே இருக்கிற ஒரு வகைச் செல்கள் அழிந்துபோவதால்தான் பார்க்கின்சன் நோயில் கை நடுங்குகிறது, நடை குறுகுகிறது. பிறந்த நாளிலிருந்து அது ஆக்டிவேட் ஆகித்தான் இருக்கிறது. அது தூங்கிவிட்டால் ஆளை வகுப்பில் சேர்க்க முடியாது, ஐ.சி.யூ.வில்தான் சேர்க்க வேண்டும்.

கண்ணில்லாமல் படிப்பது என்றால் அது நிஜமாகவே நடக்கிறது, அதைப் பற்றி உங்கள் கட்டுரையாளர் ஒரு வரி எழுதவில்லை என்பதுதான் என் ஆதங்கம். சிறுவயதிலேயே பார்வை இழந்தவர்கள் பிரெயில் புள்ளிகளை விரலால் தடவிப் படிக்கும்போது, மூளையின் பின்பக்கத்தில் பார்வைக்கென்று இருக்கும் பகுதி சுறுசுறுப்பாக வேலை செய்வதை 1996-ல் ஸ்கேனில் பார்த்துவிட்டார்கள். அது சும்மா எரிகிற விளக்கா, உண்மையில் உதவுகிறதா என்று பார்க்க அடுத்த வருடமே அந்தப் பகுதியைக் காந்தத் துடிப்பால் ஒரு கணம் குழப்பினார்கள், படித்துக்கொண்டிருந்தவர்கள் தப்புத் தப்பாகப் படித்தார்கள். அதாவது கண்ணிலிருந்து தபாலே வராத ஆபீஸ் மூடிக் கிடக்கவில்லை, விரல் கொண்டுவந்து போடுவதை வாங்கிப் பிரித்துக்கொண்டிருக்கிறது. நல்ல பார்வை உள்ளவர்களுக்கே ஐந்து நாள் இரவும் பகலும் இடைவிடாமல் கண்ணைக் கட்டிவிட்டுப் பிரெயில் பழக்கியபோதும் அந்தப் பகுதி தொடுதலுக்குப் பதில் சொல்ல ஆரம்பித்ததாம். கட்டை அவிழ்த்த மறுநாளே பழையபடி ஆகிவிட்டது. அந்தக் கட்டில் மூக்குப் பக்கம் சந்து இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

நம் நாட்டிலேயே நடந்த இன்னொன்று. பிறவிக் கண்புரையோடு பிறந்து, வசதி இல்லாததால் எட்டு வயது, பத்து வயது, பதினேழு வயது வரைக்கும் ஆபரேஷன் செய்யாமலே வளர்ந்த பிள்ளைகள் வட இந்திய கிராமங்களில் நிறைய. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பேராசிரியராக இருக்கும் பவன் சின்ஹா ‘புராஜெக்ட் பிரகாஷ்’ என்று ஆரம்பித்து இவர்களுக்கு டெல்லியில் ஆபரேஷன் செய்ய ஏற்பாடு செய்தார். சின்ன வயதைத் தாண்டிவிட்டால் மூளை பார்க்கக் கற்றுக்கொள்ளாது, செய்து பிரயோஜனமில்லை என்றுதான் ரொம்ப காலம் டாக்டர்களே நினைத்திருந்தார்கள். ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்த ஐந்து பிள்ளைகளிடம் ஒரு சோதனை வைத்தார்கள், விவரம் 2011-ல் வெளிவந்தது. பொம்மைக் கட்டை ஒன்றைக் கண்ணில் படாமல் கையில் கொடுப்பது, தடவிப் பார்த்த பிறகு இரண்டு கட்டைகளைக் கண்முன் வைத்து எது நீ தொட்டது என்று கேட்பது. நமக்கு இது விளையாட்டு. அந்தப் பிள்ளைகளால் சொல்ல முடியவில்லை, ஏறக்குறைய குருட்டாம்போக்கில்தான் கை காட்டினார்கள். கைக்குத் தெரிந்த உருண்டையும் கண்ணுக்குத் தெரிகிற உருண்டையும் ஒன்றுதான் என்பதே நாம் கற்றுக்கொண்டது, கற்றுக்கொண்டதைக்கூட மறந்துவிட்டோம். ஆனால் சில நாள் கழித்து அவர்களில் சிலரைத் திரும்பச் சோதித்தபோது சொல்லிவிட்டார்கள்! யாரும் பாடம் நடத்தவில்லை, வீட்டில் தம்ளரை எடுத்து, செருப்பைப் போட்டு, தானாக வந்தது. பார்வை நம் அளவுக்குக் கூர்மையாக வந்துவிடவில்லை, அதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் வந்தது.

கண் நன்றாக இருக்கிறவர்கள், மூளை எவ்வளவு கதை கட்டும் என்று பார்க்க ஆசைப்பட்டால் உங்கள் பேப்பரே போதும். ஓரத்தில் வெள்ளையாக இருக்கும் இடத்தில் பேனாவால் இரண்டு பொட்டு, நடுவில் மூன்று அங்குலம் விட்டு, பக்கவாட்டில் வையுங்கள். இடது கண்ணை மூடி, வலது கண்ணால் இடது பொட்டையே பார்த்துக்கொண்டு பேப்பரை மெதுவாக முன்னும் பின்னும் நகர்த்துங்கள். ஒரு அடி தூரம் வரும்போது வலது பொட்டு காணாமல் போகும். விழித்திரையில் நரம்பு வெளியேறும் இடத்தில் எல்லோருக்கும் ஒரு ஓட்டை இருக்கிறது, 1660-களிலேயே பிரான்சில் மரியோத் என்பவர் கண்டுபிடித்துவிட்டார். எனக்கு ஆச்சரியம் ஓட்டை இருப்பதில் இல்லை. பொட்டு போன இடத்தில் கறுப்பாக ஒன்றும் தெரிவதில்லை, வெள்ளைப் பேப்பர் தெரிகிறது, இல்லாத பேப்பரை மூளை வரைந்து ஒட்டிவிடுகிறது, இத்தனை வருடமாக நமக்கு ஒரு வார்த்தை சொல்லாமல். பாப்பா இதை ஒரு சாயங்காலம் முழுக்க தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் செய்து காட்டினாள். கட்டணம் இல்லை.

என் வேலையைப் பற்றிச் சொல்கிறேன், காரணமாகத்தான். 1976-ல் ஆர்.எம்.எஸ்.ஸில், அதாவது ரயில்வே தபால் பிரிவில் சேர்ந்தேன், ராத்திரி ரயிலில் தபால் வேனில் நின்றுகொண்டே கடிதம் பிரிக்கிற வேலை. முன்னால் மர அலமாரி, அதில் சின்னச் சின்ன அறைகள், பிஜியன் ஹோல் என்போம். பின்கோடு 1972-லேயே வந்துவிட்டது, ஆனால் பாதிப் பேர் அப்போது அதை எழுத மாட்டார்கள், கிராமத்துப் பேரைப் பார்த்து அது எந்தத் தபாலாபீஸ், எந்த லைன் என்று நமக்குத் தெரிய வேண்டும். முதல் ஆறு மாதம் நாக்குத் தள்ளியது. அப்புறம் எப்போது என்று தெரியாமல், கண் முகவரியைப் படித்து முடிக்கும் முன்னே கை அறைக்குப் போய்விட ஆரம்பித்தது. ஒரு தடவை மேலே இருந்தவர்கள் அறைகளின் வரிசையை மாற்றினார்கள். மூன்று வாரம் என் கை புதுக்கோட்டைக் கடிதத்தைப் பழைய புதுக்கோட்டை அறைக்கே கொண்டுபோனது. அங்கே இப்போது காரைக்குடி இருந்தது. லேபிளை மாற்ற ஐந்து நிமிஷம் ஆனது, என் மண்டைக்குள் மாற்றத்தான் அத்தனை நாள்.

அதனால்தான் லண்டன் டாக்ஸி டிரைவர்கள் கதையைப் படித்தபோது சொந்தக்காரர்களைப் பார்த்த மாதிரி இருந்தது. அங்கே லைசென்ஸ் வாங்க நகரின் நடுப்பகுதியில் சுமார் 25,000 தெருக்களை மனப்பாடம் செய்ய வேண்டும், மூன்று நான்கு வருடம் ஆகும். எலினோர் மகுவைர் என்ற அம்மையார் 2000-ல் அவர்கள் மூளையை ஸ்கேன் செய்தார், இடங்களை நினைவில் வைக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியின் பின்பாகம் மற்றவர்களைவிடப் பெரிதாக இருந்தது. பிறவியிலேயே பெரிதாக இருந்தவர்கள்தான் டிரைவர் ஆனார்களோ என்று சந்தேகம் வருமில்லையா? அதற்கும் 2011-ல் பதில் வந்தது. பயிற்சிக்கு வந்த 79 பேரை ஆரம்பத்திலேயே ஸ்கேன் எடுத்து வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். தொடக்கத்தில் எல்லோருக்கும் ஒரே மாதிரி. பாஸ் செய்த 39 பேருக்கு மட்டும் அந்த இடம் வளர்ந்திருந்தது. இதற்கு ஒரு விலையும் உண்டு, பழைய டிரைவர்கள் புதிதாக ஒரு படத்தைப் பார்த்து ஞாபகம் வைப்பதில் மற்றவர்களைவிடச் சற்றுப் பின்தங்கினார்கள். திருச்சி ஜில்லாத் தபாலாபீஸ் எல்லாம் தெரியும், மளிகை லிஸ்ட் மட்டும் மறந்துபோகும் என்று முப்பது வருடமாக என்னைச் சொல்லிக்கொண்டிருக்கும் என் மனைவிக்கு இதைப் படித்துக் காட்டினேன். ஏற்றுக்கொள்ளவில்லை.

ஒரே நேரத்தில் பல விஷயங்களைக் கவனத்தில் வைத்துக்கொள்ளும் நம் ஊர்க் கவனகக் கலையைப் பற்றிக் கட்டுரையில் ஏன் ஒன்றும் இல்லை என்றும் தெரியவில்லை. நாகர்கோவில் இடலாக்குடி செய்குத்தம்பிப் பாவலர் 1907-ல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் செய்தார், அதாவது ஒரே நேரத்தில் நூறு விஷயங்களில் கவனம் வைப்பது, வெண்பாவுக்கு ஈற்றடி ஒருவர் கொடுப்பார், கணக்கு ஒருவர் போடுவார், முதுகில் விழும் கல்லையும் எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். 2008-ல் அவருக்கு எங்கள் இலாகா தபால் தலையே வெளியிட்டது. எந்த மூளையை யார் எழுப்பிவிட்டார்கள் அவருக்கு? இலக்கணத்தையும் யாப்பையும் உட்கார்ந்து படித்தார்.

கடைசியாக என் பெரிய அண்ணன் விஷயம். முப்பது வருடச் சர்க்கரை, காலில் புண், ஆறவில்லை, வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நாலாம் நாள் ஆஸ்பத்திரியில் என்னைக் கூப்பிட்டு, “தம்பி, கட்டை விரல் இடுக்கு அரிக்குதுடா, கொஞ்சம் சொறிஞ்சு விடேன்” என்றார். எந்தக் கால் அண்ணே என்றேன். இல்லாத காலைக் காட்டினார். வீட்டுக்கு வந்த பிறகு அரிப்பு வலியானது, விரல்களையெல்லாம் யாரோ மடக்கிப் பிடித்து முறுக்குகிற மாதிரி, ராத்திரி இரண்டு மணிக்கு உட்கார்ந்துகொண்டு இல்லாத காலைப் பிடித்துவிடப் பார்ப்பார். அண்ணி மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். பித்துப் பிடித்துவிட்டது என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டது அண்ணன் காதிலும் விழுந்தது, அதற்குப் பிறகு வலியை வெளியே சொல்வதையே விட்டுவிட்டார்.

பக்கத்துத் தெருவில் பிசியோதெரபி படித்த ஒரு பையன் இருக்கிறான். அவன்தான் வந்து, இது பித்து இல்லை மாமா, கை கால் எடுத்தவர்களில் மிகப் பலருக்கு இருக்கும் என்று முதல் வார்த்தை சொன்னான். அண்ணன் முகம் அப்போதே மாறிவிட்டது. பழைய பீரோ கதவிலிருந்து கழற்றி வைத்திருந்த நீளக் கண்ணாடியைக் கொண்டுவரச் சொன்னான். அண்ணனைக் கட்டிலில் காலை நீட்டி உட்காரவைத்து, கண்ணாடியை இரண்டு தொடைக்கும் நடுவில், பளபளப்புப் பக்கம் நல்ல காலைப் பார்க்கிற மாதிரி நெடுக்காக நிறுத்தினான். குனிந்து கண்ணாடிக்குள் பார்த்தால் இடது காலின் பிம்பம், வலது கால் இருந்த இடத்தில் முழுசாக, ஐந்து விரலோடு. “இப்ப ரெண்டு கால் விரலையும் சேர்த்து விரிங்க மாமா.” அண்ணன் விரித்தார். கண்ணாடிக்குள் வலது கால் விரிந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தவர், “விட்டுருச்சுடா” என்றார், “முறுக்கு விட்டுருச்சு.” அண்ணி அடுக்களைக்குள் போய்விட்டார்கள்.

இந்த வைத்தியத்தைக் கண்டுபிடித்தவர் வெளிநாட்டு வெள்ளைக்காரர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். படித்துவிட்டு கலிபோர்னியா போன வி.எஸ். ராமச்சந்திரன், 1990-களில் ஒரு அட்டைப் பெட்டியும் கண்ணாடியும் வைத்துக் கண்டுபிடித்தது. கை இழந்த ஒரு இளைஞரின் கண்ணைக் கட்டிவிட்டு (மறுபடியும் கண்கட்டு!) கன்னத்தைப் பஞ்சால் தொட்டால், கன்னத்தோடு சேர்த்து இல்லாத கையின் கட்டை விரலிலும் தொடுவது தெரிந்ததாம். மூளைக்குள் உடம்பின் படம் ஒன்று இருக்கிறது, அதில் கைக்குப் பக்கத்து அறை முகம், கை அறைக்குத் தபால் வராததால் முகத்துக்கு வந்தது அங்கேயும் விழுகிறது என்பது அவர் விளக்கம். எனக்கு இதை யாரும் இரண்டாவது தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை, காரைக்குடியும் புதுக்கோட்டையும் போதும். ஆனால் இதில் டாக்டர்களுக்குள்ளேயே தகராறு இருக்கிறது. டமார் மாக்கின் என்ற ஆய்வாளரின் குழு, கை போன பிறகும் கையின் அறை பழையபடி அப்படியே இருக்கிறது, பக்கத்து வீட்டுக்காரன் பிடித்துக்கொள்வதெல்லாம் நினைத்த அளவுக்கு இல்லை என்று ஸ்கேன் எடுத்துக் காட்டுகிறது. கண்ணாடி எல்லோருக்கும் கேட்கும் என்றும் சொல்ல முடியாது. 2007-ல் அமெரிக்க ராணுவ ஆஸ்பத்திரியில் காலிழந்த வீரர்களிடம் செய்து பார்த்ததில், கண்ணாடி பார்த்த ஆறு பேருக்கும் வலி குறைந்தது, ஆனால் ஆறு பேர் ஆறு பேர்தான். அண்ணனுக்கு முறுக்கு ஒரே நாளில் போய்விடவில்லை. தினம் கால் மணி நேரம் என்று ஒரு மாதம் செய்தார், ராத்திரி தூங்க ஆரம்பித்தார். மழைக்காலத்தில் இன்னும் வருகிறது.

உங்களிடம் நான் கேட்பது இரண்டுதான். பத்து சதவீதம் என்று போட்டது தவறு என்று, அந்தக் கட்டுரை வந்த அதே பக்கத்தில், கண்ணுக்குத் தெரிகிற எழுத்தில் போடுங்கள், தொலைந்துபோன சர்டிபிகேட் விளம்பரத்துக்குப் பக்கத்தில் வேண்டாம். கண்ணைக் கட்டிப் படிக்கவைக்கும் வகுப்புகளின் விளம்பரத்தை வாங்கத்தான் வேண்டுமென்றால், வாங்கும் முன் உங்கள் நிருபர் ஒருவரைப் பஞ்சோடு அனுப்புங்கள்.

அண்ணன் இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு, கயிறு கட்டியதை எழுதியிருக்க வேண்டாம் என்றார். அண்ணி இருக்கட்டும் என்றார்கள். பீரோ கண்ணாடி இப்போது கட்டில் பக்கத்தில் சுவரில் சாய்ந்திருக்கிறது, காலையில் பாப்பா அதில் பார்த்துத்தான் சடை பின்னிக்கொள்கிறாள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆர்.எம்.எஸ். ஊழியர்,
திருச்சி.